வேப்பங்கொத்து சொருகிய அடுக்கு

எந்தச் சுவர் அருகில் நின்றாலும் என் கட்டைவிரல் நகம் தானாகப் போய் அதைக் கீறிப் பார்க்கிறது. பேருந்து நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட. கோடு விழவில்லை என்றால் மூச்சு சீராகும். பூசி வர்ணம் அடித்த சுவராக இருந்தால் நகத்துக்கு ஒன்றும் தெரியாது. அன்று முழுவதும் மனசு அந்தச் சுவரிலேயே நிற்கும். இந்தப் பழக்கம் எனக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

நான் அதிகம் பேசாதவன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் கை தூக்க மாட்டேன். அப்பா தெற்குச் சீமையிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர், பெர்மனென்ட். நெய்வேலி குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் மனை வாங்கி வந்துவிட்டோம். சில வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். பிறகு ஊருக்கு வெளியே இருந்த ஒரு சாம்பல் கல் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே பதினோரு வருடம் இருந்தேன்.

சாம்பல் கல் என்பது சூளையில் வேகாத கல். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலோடு, கல் உடைக்கும் கிரஷரின் தூளும் சிமெண்டும் கலந்து, மெஷினில் அழுத்தி எடுப்பது. மண் வெட்ட வேண்டாம், விறகு எரிக்க வேண்டாம், குப்பையாகக் கொட்ட வேண்டிய சாம்பலும் வீடாகிறது. அதனால் இதைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் நெருப்பு செய்கிற வேலையை இதில் தண்ணீர் செய்ய வேண்டும். மெஷினிலிருந்து வந்த கல்லை அடுக்கி, மூன்று வாரம் விடாமல் தண்ணீர் விட்டால்தான் அது கல் ஆகும். அதுவரைக்கும் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பட்டறையில் அதைப் பச்சைக் கல் என்போம். நகத்தால் கீறினால் பச்சைக் கல்லில் வெள்ளைக் கோடு விழும். வெந்த கல்லில், வேகாவிட்டாலும் அப்படித்தான் சொல்வோம், நகம்தான் தேயும்.

தண்ணீர் விடுவதுதான் என் வேலை. ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அடுக்குகளுக்கு நடுவே நடப்பேன். யாரோடும் பேச வேண்டாம். வழிந்து ஓடும் தண்ணீர் ஒரு குழியில் சேரும், அதையே மறுபடி மோட்டார் போட்டு இறைப்பேன். அந்தக் குழியை நானே வெட்டினேன்.

ஒருமுறை லோடு ஏற்றுகிறவர்கள் ஆறு நாள்கூட ஆகாத ஓர் அடுக்கைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் குரல் கொடுக்க எனக்கு வரவில்லை. லாரி கேட்டைத் தாண்டுவதற்குள் முதலாளி பார்த்து இறக்கச் சொன்னார். என்னைத் திட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வழி செய்தேன். சாக்பீஸால் தேதி எழுதினால் நான் விடும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பெயிண்ட் கல்லில் படக்கூடாது. பட்டறை ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. பச்சை அடுக்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துச் சொருகிவிடுவேன். தண்ணீர் படப்பட அது வாடாமல் இருக்கும், வாடினால் வேறு மாற்றுவேன். மூன்று வாரம் முடிந்ததும் எடுத்துவிடுவேன். கொத்து இருந்தால் தொடக்கூடாது. லோடுக்காரர்கள் இரண்டு நாளில் புரிந்துகொண்டார்கள். வாய் திறக்காமலே ஒரு காரியம் நடந்ததில் எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

போன வருடம் மாசியில் ஒரு பெண் இன்ஜினியர் பட்டறைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். வடக்குத்துக்கு அப்பால் புதிய மனைப்பிரிவில் ஓர் அறக்கட்டளை குழந்தைகள் காப்பகம் கட்டப் போகிறது என்றார். கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப்போக ஓர் இடம். அதைப் பசுமைக் கட்டடமாகக் கட்டுகிறார்கள். சாம்பல் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம், வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என் குழியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இதை யார் செய்தது என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். நான் ஓஸ் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாம்பிள் கல்லை எடுத்துப்போய் டெஸ்ட் செய்து, நன்றாக வந்ததும் ஆர்டர் கொடுத்தார்கள். அதற்கென்று மூன்று வாரம் முடிந்த கல்லைத் தனியாகப் பின்கொட்டகையில் அடுக்கி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். பட்டறையில் யாரும் பசுமைக் கட்டடம் என்று சொல்லவில்லை. அது வாயில் நுழையாத சொல். முதலாளியிலிருந்து டிரைவர் வரை எல்லோருக்கும் அது பச்சை பில்டிங்.

அந்தக் காப்பகத்தில் சமையல் வேலை என் மனைவிக்குக் கிடைத்தது. அவள் குள்ளஞ்சாவடிப் பக்கம் பிறந்தவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மற்ற வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், ஓர் இடத்தில் நிலையாக, அதுவும் அடுப்படியில் நிற்கப் போகிறோம் என்று பூரித்துப்போனாள். அடித்தளம் போட்ட நாளிலிருந்து போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பாள்.

பங்குனிக் கடைசியில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து வந்தது. குள்ளஞ்சாவடியில் விசேஷம். இரண்டு நாள் லீவு போட்டேன். அதற்கு ஒரு வாரம் முன்புதான் பழைய லோடுக்காரர்கள் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். புது ஆட்கள் வந்திருந்தார்கள். வேப்பங்கொத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவர்களாகவே கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும் முன்பக்கத்தில் வெயில் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றியது. பிறகுதான் புரிந்தது. அங்கே இருந்த இரண்டு அடுக்குகள் இல்லை. நாலே நாள் தண்ணீர் கண்ட அடுக்குகள். தரையில் ஈரச் சதுரங்கள் காய்ந்து வெளுத்திருந்தன. ஒரு சதுரத்தின் நடுவே என் வேப்பங்கொத்து ஒன்று பூவோடு மிதிபட்டுக் கிடந்தது. பின்கொட்டகைக்கு ஓடினேன். நீலத் தார்ப்பாய் கட்டியபடியே இருந்தது.

புது லோடுக்காரர்களில் மூத்தவன் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். முன்னால் இருந்த கல் எங்கே என்று கேட்டேன்.

"பச்ச பில்டிங்குக்குப் போயிடுச்சிண்ணே. ஓனரு போன்ல, பச்ச பில்டிங் கல்ல ஏத்துங்கடான்னாரு. நீதான் அடையாளத்துக்குப் பச்ச சொருவி வச்சிருந்தியே."

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. என் வேலையைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான்.

அன்று மாலை சைக்கிளில் காப்பகம் கட்டும் இடத்துக்குப் போனேன். பின்பக்கச் சுவர் இடுப்பு உயரம் ஏறியிருந்தது. சமையலறைச் சுவர். கொத்தனார் பழகினவர்தான். இந்த லோடில் ஓரம் உடைந்த கல் அதிகம் என்று சலித்துக்கொண்டார். கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். கல் குறைவாகப் பிடிக்கும், உள்ளே காற்று நிற்பதால் சூடும் இறங்காது. பூச்சும் கிடையாது, கல் வெளியே தெரியும்படி விட்டுவிடுவார்கள்.

"எலி மாட்டுதோ இல்லியோ, நாம மாட்டாம இருந்தா சரி" என்று சொல்லி அவர் சிரித்தார்.

நான் சுவரோரம் நின்று, அவர் கலவை எடுக்கத் திரும்பியபோது கீறிப் பார்த்தேன். சுண்ணாம்பில் கீறியது போலக் கோடு விழுந்தது. அடுத்த கல்லிலும் விழுந்தது. கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் நூல் பிடித்துக்கொண்டு, சாந்துக் கரண்டியால் கல்லைத் தட்டி உட்காரவைத்துக்கொண்டு, ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலை முழுவதையும் இடிக்கச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

முதலாளியிடம் சொன்னேன். அதற்கே இரண்டு நாள் ஆனது. அவர் பின்கொட்டகைத் தார்ப்பாயைப் பார்த்தார்.

"அங்க செவுத்துக்குத் தண்ணி விடுவாங்க இல்ல, அதுலயே செட்டாயிடும். நீ இத வெளிய பேசிக்கினு திரியாத." சொன்னவர் சிரித்துவிட்டார். "யாருகிட்டப் போயி பேசாதன்னு சொல்றேன் பாரு."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சுவரில் இருந்தபடியே மூன்று வாரம் நன்றாகத் தண்ணீர் குடித்தால் கல் ஓரளவு தேறும். ஆனால் அது பசுமைக் கட்டடம். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அடிபம்பில் வருவது போதவில்லை, சித்திரை வெயில் வேறு. ஈரச் சாக்கு கட்டி ஒரு வேளைக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். வெந்த கல்லால் கட்டிய சுவருக்கு அது போதும்தான். அவர்கள் செய்தது எதுவும் தப்பில்லை. அவர்கள் சிக்கனமாக இருக்க இருக்க, அந்த ஒரு சுவர் உள்ளே உலர்ந்துகொண்டே போனது.

நான் தினமும் மாலையில் பட்டறைக் குழியிலிருந்து இரண்டு கேனில் தண்ணீர் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு ஊற்றினேன். கொத்தனார் முதலில் வியப்பாகப் பார்த்தார்.

"பொண்டாட்டி நிக்கப் போற செவுருன்னு இவ்ளோ பாசமா? மேடம் பாத்தாங்கன்னா உனக்கு மார்க் கொறச்சிடுவாங்க."

ஊற்றிய தண்ணீர் சுவரில் வழியாமல், ஊற்றிய இடத்திலேயே உள்ளே போனது. அத்தனை தாகம். எவ்வளவு ஊற்றினாலும் மறுநாள் தொட்டால் சூடாக இருந்தது. இரண்டு கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு சுவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். அந்தப் பக்கம் சாம்பல் லாரிகள் ஓயாமல் போகும். ஒவ்வொரு லாரிக்கும் தரை மெல்ல நடுங்கி அடங்கும். அப்போது சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். லாரி போன பிறகும் உள்ளே ஏதோ சரசரவென்று இறங்குவது போல இருக்கும். வெற்றிடத்துக்குள் உதிர்ந்த தூளாக இருக்கலாம். என் காதாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் போனபோது அந்தச் சுவர்மேல் கூரைக் கம்பி கட்டியிருந்தார்கள். மறுநாள் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கூரை இறுகுவதற்குள் சொல்ல வேண்டும் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டேன். அது போனது. கூரையைத் தாங்கும் முட்டுக் கட்டைகளை எடுப்பதற்குள் என்று அடுத்த கெடு. அதுவும் போனது. முட்டு எடுத்த நாளில் சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து மேலே போகும் மயிரிழை வெடிப்பு ஒன்றைப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி, கல்லுக்குக் கல் மாறி ஏறியிருந்தது.

வீட்டில் மனைவி அந்தச் சமையலறையைப் பற்றியே பேசினாள்.

"ஏங்க, வெளிய நெருப்பு கொட்டுது, உள்ள போனா ஜில்லுன்னு இருக்குதுங்க. அந்தச் செவுத்துல சாஞ்சிக்கினே வெங்காயம் அரியலாம். நம்ம வூட்டுக்கும் இந்தக் கல்லத்தான் போட்டிருக்கணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என்ன, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வெயில் என்றேன். அவளிடம் சொல்லாததுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை. சொன்னால் நிலையான வேலை போய்விடும் என்று அவள் அழுவாள் என நினைத்தேனா? அதைவிட, கொத்தை நான்தான் சொருகினேன் என்பதை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பள்ளி திறக்கும் வாரத்தில் காப்பகத்தையும் திறப்பதாக முடிவானது. மொட்டைமாடியில் மழைநீர் சேமிக்க இரண்டு பெரிய தொட்டிகள் வந்து இறங்கின. இரண்டையும் சமையலறைக்கு நேர் மேலே வைத்தார்கள். குழாய் செலவு குறையும், கீழே தண்ணீர் தானாக இறங்கும். திறப்புக்கு முந்தைய நாள் ஒழுகுகிறதா என்று பார்க்கத் தொட்டிகளை நிரப்பப் போவதாக மனைவி சொன்னாள். முப்பது குழந்தைகளுக்கு முதல் நாள் பாயசம் என்றும் சொன்னாள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழந்தைகள் தூங்கும் இடம்.

தொட்டி காலியாக இருக்கும்வரைதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கனம் எனக்குத் தெரியாதா, பதினோரு வருடம் அதைத்தானே சுமந்தேன்.

நிரப்புவதற்கு முந்தின நாள் பொழுது சாயும்போது போனேன். ஆட்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். கை நிறைய வேப்பங்கொத்து கொண்டுபோயிருந்தேன். கீறிப் பார்த்து, கோடு விழுந்த கல் பக்கத்தில் எல்லாம் சாந்து இடுக்கில் ஒரு கொத்தைச் சொருகினேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் முழுவதும், அந்தப் பக்கம் பாதி. வெடிப்பு ஓடும் வழியில் ஒவ்வொரு படிக்கும் ஒன்று. கொத்து போதாமல் மறுபடி போய் ஒடித்து வந்தேன். இதைப் பார்த்தால் கொத்தனாருக்குப் புரியும், ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம். பட்டறையில் செய்த அதே தப்பை அதே நம்பிக்கையோடு திரும்பச் செய்துகொண்டிருந்தேன். அப்போது அது தெரியவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் நேரே அங்கே போனேன். வாசலில் கோலம் போட்டிருந்தது. பின்பக்கம் போனதும் கால் நின்றுவிட்டது. என் கொத்துகளுக்கு நடுவே யாரோ சாமந்தி மாலையை வளைத்து வளைத்துக் கட்டியிருந்தார்கள். சுவர் முழுக்கத் தோரணமாக இருந்தது. அறக்கட்டளையிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள் அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் இல்லாத அலங்காரம், யார் செய்தது என்று இன்ஜினியர் கேட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் கைகட்டி நின்று, நம்ம ஆளுங்கதான் மேடம் என்றார்.

அப்போது புதிதாகப் போட்டிருந்த மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மேலே காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தமும். முதலில் அது பெரிதாக எதிரொலித்தது. பிறகு அடிப்பாகம் மூழ்க மூழ்கச் சத்தம் தணிந்துகொண்டே வந்தது.

நான் இன்ஜினியர் அருகே போய் நின்றேன். அவர் என்னை அடையாளம் கண்டு, குழி வெட்டின அண்ணா என்று அந்த அம்மாக்களிடம் சொன்னார். அவர் கண்முன்னாலேயே ஒரு சாமந்தியை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் சுவரை மேலிருந்து கீழே கீறினேன். தூள் உதிர்ந்தது.

"இது பச்சைக் கல்லுங்க" என்றேன்.

"ஆமாண்ணா" என்று அவர் சிரித்தார். "பச்சைக் கட்டடம் இல்லையா."

"அந்தப் பச்சை இல்லீங்க."

அதற்குமேல் வரவில்லை. மேலே சத்தம் இன்னும் தணிந்தது. அவர் தலையைச் சாய்த்து, குழந்தை பேசக் காத்திருப்பதுபோல என்னையே பார்த்தார்.

திடீரென்று மோட்டார் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் ஸ்விட்ச் மேல் கையை வைத்தபடி என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியும். பதினோரு வருடமாக வீட்டில் அதைக் கேட்டவள். அவள் கண் என் முகத்திலிருந்து சுவருக்குப் போனது, ஒவ்வொரு கொத்தாகத் தாண்டிப் போய், வெடிப்பு தொடங்கிய ஜன்னல் மூலையில் நின்றது.

"எத்தினி நாளு தண்ணி விட்ட கல்லு?" என்றாள்.

"நாலு."

"எந்த எந்தக் கல்லு?"

"கொத்து வச்சதெல்லாம்."

இன்ஜினியர் தன் சாவியை எடுத்து ஒரு கல்லில் அழுத்தினார். சாவி உள்ளே இறங்கியது. எல்லோரையும் முன்பக்கம் போகச் சொன்னார். உரத்துச் சொல்லவில்லை, ஆனால் யாரும் மாலையைக்கூட எடுக்காமல் போனார்கள்.

அன்றே தொட்டியை வடித்து, சவுக்குக் கட்டைகளால் கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். திறப்பு தள்ளிப்போனது. கொத்தனார்தான் சுவரைப் பிரித்தார், மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக. சில கற்கள் முழுதாக வந்தன. சில, கையில் எடுத்ததும் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தன. எலிப்பொறியின் வெற்றிடத்துக்குள் கணுக்கால் அளவு தூள் குவிந்திருந்தது. லாரி போகும்போது நான் கேட்ட சத்தம் என் காது இல்லை. கொத்தனார் என்னிடம் பேசவே இல்லை. அவர் இரண்டு மாதம் அந்தச் சுவரின் கீழே உட்கார்ந்துதான் மதியச் சோறு சாப்பிட்டார்.

முதலாளி என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வேப்பமரத்தையே மொட்டை அடிச்சிருக்க. அதுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயா தேஞ்சிடும்?"

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

பிரித்த கல்லையெல்லாம் இன்ஜினியர் எண்ணச் சொன்னார். முழுதும் உடைந்ததும் சேர்த்து எண்ணினார்கள். என்னிடம் எத்தனை அடுக்கு போனது என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க ஒரு அடுக்குதாண்ணா வந்திருக்கு. இன்னொண்ணு எங்க?"

அந்த மூத்த லோடுக்காரனைத் தேடிப் போய்க் கேட்டேன். அன்று வாடகை லாரி ஒன்றும் வந்திருந்தது, ஓனர் சொன்ன வேறு ஆர்டர், பச்சை பில்டிங்குக்கு ஓர் அடுக்கே போதுமாக இருந்தது, மூடிவைத்த பின்கொட்டகைக் கல்லைத் தொட வேண்டாம் என்று முன்னால் மிச்சம் இருந்ததை அதில் ஏற்றினோம் என்றான். டிரைவர் வெளியூர். லாரி குள்ளஞ்சாவடி ரோட்டில் திரும்பியது மட்டும் தெரியும். முதலாளிக்கு ஞாபகம் இல்லை. இன்ஜினியர் போன் செய்து கேட்டபோதும் ஞாபகம் இல்லை. பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

காப்பகம் ஆவணியில் திறந்தது. சமையலறைச் சுவர் நீலத் தார்ப்பாய்க் கல்லால் புதிதாக நிற்கிறது. மனைவி அங்கேதான் சமைக்கிறாள், அதில் சாய்ந்துகொண்டு வெங்காயம் அரிகிறாளா என்று நான் கேட்டதில்லை. நான் இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடலூரிலிருந்து குள்ளஞ்சாவடி வரை, உள்ளே போகும் தெருக்களிலும், புதிதாகக் கட்டிய வீடாகப் பார்த்துப் போகிறேன். பூசாத சுவரைக் கீறுகிறேன். பூசியதைத் தட்டிப் பார்க்கிறேன். எவன்டா வூட்டைச் சொரண்டறவன் என்று விரட்டியிருக்கிறார்கள். அனுமதியில்லாத போர்வெல்லை வேவு பார்க்கிறவன் என்று ஒருமுறை ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் போனது. புது வீடு கட்டியவர்களிடம் போய் உங்கள் சுவர் பச்சையாக இருக்கலாம் என்று எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொரு வாசலிலும் யோசித்து, பாதி வாசல்களில் திரும்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு குள்ளஞ்சாவடி கடைத்தெருவுக்கு முன்னால் ஒரு சந்தில், மஞ்சள் வர்ணம் அடித்த வீடு. மேலே ஒரு மாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜல்லி குவிந்திருந்தது. முன்சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து வர்ணத்தை மீறி ஒரு கோடு ஏறியிருந்தது. படிக்கட்டு மாதிரி.

வாசலில் பேரப்பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, இன்னா வேணும் என்றாள். சைக்கிளை நிறுத்தினேன். இது என்ன கல் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"நெய்வேலி சாம்பக் கல்லுதான். சித்திர பொறந்தப்ப வந்து எறக்கனாங்க." அவளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "நல்ல ராசியான கல்லுங்க. லாரிய பிரிக்கறப்ப மேலயே வேப்பங்கொத்து, பூவோட. அம்மனே கூட வந்தா மாதிரி. அத எடுத்து நெலவாசல்ல சொருவிட்டேன். பாருங்க, இன்னும் இருக்குது."

பார்த்தேன். நிலைக்கு மேலே, காய்ந்து கருத்து, ஈர்க்கு மட்டும் நின்றது. அடியில் நான் ஒடிக்கும் விதத்தில் சாய்வாக ஒடித்திருந்தது. அந்த நேரம் மாடியில் ஒருவன் சிமெண்ட் மூட்டையை இறக்கிப் போட்டான். வாசலில் இருந்த வாளித் தண்ணீர் ஒரு வட்டம் போட்டு அடங்கியது.

"பிள்ளையை எடுத்துக்கினு வெளிய வாங்கம்மா" என்றேன். "மேல வேலய நிறுத்தச் சொல்லுங்க. அந்தக் கொத்த வச்சவன் நான்தான்."